மாம்பழம் சுமக்கும் கம்பெனிப் பை

இன்று காலை பேருந்து நிலையத்துக்கு எதிரே உன் அப்பாவைப் பார்த்தேன். தோளில் உன் கறுப்புப் பை. கம்பெனி கொடுத்த பைதான். அதில் அச்சடித்திருந்த பெயரில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. மீதியை வைத்து எந்தக் கம்பெனி என்று யாராலும் சொல்ல முடியாது. லேப்டாப் வைக்கும் இடத்தில் மாம்பழத்தை அடைத்து, ஜிப்பை மூட முடியாமல் பாதியில் விட்டிருந்தார். கிட்டே வந்ததும் பழ வாசனை அடித்தது. அதற்கு அடியில், நாளெல்லாம் ஏ.சி. அறையில் கிடக்கும் துணிக்கு ஒரு வாசனை உண்டே, அதுவும் லேசாக இருந்தது. அது உன் வாசனை. நடுத்தெருவிலேயே எனக்குக் கண் கலங்கியது. கூடவே கோபமும் வந்தது. நீ போனதிலிருந்து உன்னை நினைத்தாலே இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன.

“மாங்கனித் திருவிழாவுக்குச் சாமி ஊர்வலத்துல பழம் எறைக்கணும்ல. அவ இல்லேன்னாலும் நம்ம வீட்டு மாடியிலேருந்து எறைக்கிறத நிறுத்த முடியுமா?” என்றார். கிளம்பப் போனவர் திரும்பி வந்தார்.

“சாயந்தரம் வீட்டுக்கு வாம்மா. கயலுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் ஆரம்பிச்சாச்சு. என்ன டிபார்ட்மென்ட் போடுறதுன்னு ஒரே கொழப்பம். கேட்டா அது வாயே தொறக்க மாட்டேங்குது. அவ இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாளோ, அத நீ சொல்லு. அதயே போட்டுடுறோம்.”

உன் மகளின் படிப்பை என் வாயில் வைத்துவிட்டு அவர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் என்ன சொன்னாய் என்பதும் தெரியும், என்னிடம் மட்டும் என்ன சொன்னாய் என்பதும் தெரியும். இரண்டும் ஒன்றில்லையே. எதைப் போய்ச் சொல்வது? இப்படி ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நாம் மெக்கானிக்கல் வகுப்பில் சேர்ந்த நாள் நினைவிருக்கிறதா? அத்தனை பையன்களுக்கு நடுவில் நாம் இரண்டே பெண்கள். ஒர்க்‌ஷாப்பில் இரும்புத் துண்டை அரம் போட்டு அராவச் சொல்வார்கள். ஒரு துண்டில் பள்ளம், இன்னொன்றில் அதற்குப் பொருந்தும் கூர்; இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் கோடு தெரியக் கூடாது. என் துண்டில் ஜன்னலே தெரியும். உன் துண்டைச் சார் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. “யாரும்மா உனக்கு அராவிக் கொடுத்தது?” என்று கேட்டார். நீ உள்ளங்கையை விரித்துக் காட்டினாய். கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த ஒர்க்‌ஷாப்பில் யாரும் உன்னை அப்படிக் கேட்கவில்லை.

கடைசி ஆண்டில் அந்த சாஃப்ட்வேர் கம்பெனி கல்லூரிக்கு வந்தது. சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் என்று பார்க்காமல் எல்லாரையும் ஒரே ஹாலில் உட்கார வைத்தார்கள். கணக்குப் புதிர் கேட்டார்கள், ஆங்கிலத்தில் பேசச் சொன்னார்கள். நான்கு வருடம் நாம் படித்ததில் ஒரு வரி கூடக் கேட்கவில்லை. நீ தேர்வானாய், எனக்குக் கிடைக்கவில்லை. உன் அப்பா தெருவெல்லாம் லட்டு கொடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்து, “அடுத்த கம்பெனி வரும்மா, கவலப்படாத” என்றார். அடுத்த கம்பெனி வரவில்லை. நான் மேலே படித்து, நம் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரியில் அதே மெக்கானிக்கலுக்குப் பாடம் நடத்தப் போனேன். உனக்கு வாய்த்ததைப் பார்த்து எனக்குப் பொறாமை இருந்தது என்று நினைக்காதே. கொஞ்சம் இருந்தது, சரி. அதைவிட, அந்த அரம் பிடித்த கை இனி கீபோர்டைத் தட்டப் போகிறதே என்ற எரிச்சல்தான் அதிகம்.

நம் ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வெளியே போய் நன்றாக இருந்துவிட்டால் போதும், அவர் போன வழியில் தெருவே வரிசை கட்டும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் என்பதால் ஒரு காலத்தில் பிரான்ஸ். அப்புறம் துபாய், மஸ்கட். எங்கள் தருமபுரம் தெருக்களில் இன்னும் சில வீட்டில் பிரெஞ்சு பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. நம் காலத்தில் அந்த வழி நீதான். திருவிழாவுக்கு நீ வந்து இறங்கினாலே, ஊர்வலம் உன் வீட்டு வாசலுக்கு வருமுன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வந்துவிடுவார்கள். ஒரு கையில் மாம்பழக் கூடையை வைத்துக்கொண்டு நீ பதில் சொல்வாய். “எதப் படிச்சாலும் கடைசில கம்ப்யூட்டர்லதான் வந்து நிக்கணும். அத நேராவே படிச்சுடுங்க” என்பாய். அவர்கள் தலையாட்டுவார்கள். நீ மாம்பழத்தைக் கூட்டத்தில் வீசுவாய். உன் பழைய பைகள் ஒவ்வொன்றாக உறவுக்காரர்களிடம் போய், தெருவில் கறிகாய் வாங்கப் போகிறவர்கள் எல்லாம் உன் கம்பெனிப் பெயரைச் சுமந்துகொண்டு அலைவார்கள். அந்தக் கம்பெனியில் நீ என்ன வேலை பார்த்தாய் என்று ஒருவர் கூடக் கேட்டதில்லை.

எனக்கு மட்டும் தெரியும். சேர்ந்த புதிதில் ஒரு தரம் சொன்னாய். எங்கோ வெளிநாட்டில் டிராக்டர் செய்யும் தொழிற்சாலை. அதன் கிடங்கில் எந்த உதிரிப்பாகம் எவ்வளவு இருக்கிறது, எது தீரப் போகிறது, எதை எப்போது வரவழைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிற கணினி ஏற்பாடு. அதைப் பழுதில்லாமல் ஓட்டுவது உன் வேலை. அந்த நாட்டுக்காரர் ஒருவர், நம் அப்பா வயது, தினமும் மாலையில் போனில் வந்து உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் என்பதைச் சுருக்கி அதற்கு ‘கே.டி.’ என்று ஒரு பெயர் வைத்திருந்தீர்கள். பாடம் முடிந்த அன்றுதான் அதோடு அவருக்கு வேலை போகிறது என்று உனக்குத் தெரிய வந்தது. “அந்தாளு கோவப்படவே இல்லடி. நல்லா இரும்மான்னு சொல்லிட்டு வச்சுட்டாரு. எனக்கு அன்னிக்குச் சாப்பாடு எறங்கல” என்றாய்.

அதன் பிறகு நமக்குள் அந்தப் பேச்சு வரவில்லை. வேலை இங்கே வந்தது, ஊர் பிழைத்தது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டோம். இங்கே வந்தது இங்கிருந்தும் கிளம்பும் என்று லட்டு தின்ற யாருக்கும் தோன்றவில்லை.

என் பக்கத்துக் கதையையும் கேள். உன்னைப் பார்த்தும் உன்னைப் போன்றவர்களைப் பார்த்தும் எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டருக்கே போனதில், எங்கள் டிபார்ட்மென்ட் காய்ந்துபோய்விட்டது. போன வருடம் ஒர்க்‌ஷாப்பிலிருந்த லேத் மெஷின்களைப் பின்னால் கொட்டகைக்குத் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் லேப், கண்ணாடிக் கதவு, ஏ.சி. என்னையும் பைத்தான் என்ற கணினி மொழியைப் படித்துவிட்டு வந்து நடத்தச் சொல்கிறார்கள். இரவெல்லாம் படித்து மறுநாள் நடத்துகிறேன். பிள்ளைகள் என்னைவிட வேகமாக இருக்கிறார்கள். இது போதாதென்று கோடை வந்தால் எங்கள் எல்லாருக்கும் நோட்டீஸ் கட்டைக் கொடுத்து, வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடித்து வரச் சொல்லி அனுப்புகிறார்கள். பிள்ளை கொண்டுவராத வாத்தியாருக்கு அடுத்த வருடம் நாற்காலி இல்லை.

போன வாரம் பட்டினச்சேரிக்குப் போயிருந்தேன். ஒரு அம்மா கருவாட்டை வெயிலில் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டார்: “டீச்சர், கம்ப்யூட்டர் படிச்சா ஏ.சி. ரூமுல உக்காந்து பாக்குற வேலதானே? எம்மவன் கடலுக்குப் போவ வேணாம்ல?” நான் என்ன சொல்வேன்? மெக்கானிக்கல் வகுப்பு நடக்குமா என்று எனக்கே தெரியாத நிலையில் அதைப் படிக்கச் சொல்ல முடியுமா? கம்ப்யூட்டர் படி, வேலை நிச்சயம் என்று சொல்ல உன் கதை தெரிந்த எனக்கு நாக்கு வருமா? “படிக்கட்டும்மா, நல்லா படிக்கட்டும்” என்று மழுப்பிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். வழி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

கயலை இங்கே ப்ளஸ் ஒன்னில் சேர்த்துவிட்டு, “இனிமே வீட்டிலேர்ந்தே வேலை” என்று நீ வந்து இறங்கியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன் வீட்டுக்காரர் குவைத்தில், நீ சென்னையில், பிள்ளை ஹாஸ்டலில் என்று சிதறிக் கிடந்த குடும்பத்தில் தாயும் மகளுமாவது ஒன்றாகிறீர்களே என்று நினைத்தேன். ஒரு சாயங்காலம் அரசலாற்று ஓரம், கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தோம். சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு நீ சொன்னாய்.

“எனக்கு வேலை போயிடுச்சுடி. எங்க டீம் வேலை மொத்தத்தையும் வேற நாட்டுக்கு மாத்திட்டாங்க. அங்க இன்னும் மலிவாம். நான்தான் கே.டி. கொடுத்தேன். அந்தப் பசங்க எல்லாம் நம்ம கயலவிடக் கொஞ்சம் பெரியவங்க, அவ்வளவுதான். மேடம் மேடம்னு சுத்தி சுத்தி வந்துச்சுங்க.”

நீ ஆற்றைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாய்.

“ஒரு ஸ்டெப்ப மறைச்சுடலாம்னு தோணுச்சுடி. ஒண்ணே ஒண்ணு. அது தெரியலன்னா மாசக் கடைசில கணக்கு ஒதைக்கும், என்னையத்தான் கூப்பிடணும். முடியல. எல்லாத்தயும் சொல்லிக் கொடுத்துட்டேன்.”

அரம் பிடித்த கை அது, இடைவெளி விட்டு வைக்க அதற்குத் தெரியாது. நீ அப்படிச் செய்ததில் எனக்குப் பெருமைதான். ஆனால் அடுத்து ஒன்று சொன்னாயே, அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. “அப்பாகிட்ட சொல்லாத. கயலுக்கும் தெரிய வேணாம். எனக்கு வேலை போச்சுன்னா அப்பா தெருவுல நடக்க மாட்டாருடி.”

அதற்குப் பிறகு வந்த திருவிழாவில், வேலை இல்லாத நீ, அதே மாடியில் நின்று, அதே கூடையை வைத்துக்கொண்டு, வந்த பெற்றோரிடமெல்லாம் கம்ப்யூட்டரே போடச் சொன்னாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உன்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய், “ஏன்டி இப்படிச் சொல்ற?” என்று கேட்டேன். “வேற என்ன சொல்லச் சொல்ற? இத்தன வருசம் சொன்னத இப்ப மாத்தினா ஏன்னு கேப்பாங்கல்ல” என்றாய். கையில் மாம்பழப் பால் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. அந்த ஆனி மாதம் முடிவதற்குள், தலைவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். உன்னோடு சண்டையை முடிக்கக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

இன்று சாயங்காலம் போனேன். கூடத்தில் பேப்பர் விரித்து உன் அப்பா மாம்பழத்தைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். கயல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சென்னையில் இருந்தவரை என்னை ஆன்ட்டி என்பாள். இப்போது சித்தி என்கிறாள். நெற்றியைச் சுருக்குவது உன்னை மாதிரியே இருக்கிறது.

“சொல்லும்மா. அவ என்ன சொல்லியிருப்பா? கம்ப்யூட்டர்தானே?” என்றார் அப்பா. “மாப்பிள்ளகூட குவைத்துலேருந்து அதத்தான் சொன்னாரு. கயலோட அம்மா கடைசி வரைக்கும் எப்படி இருந்தா, ராணி மாதிரி மாடி ரூமுல உக்காந்து வீட்டுலேர்ந்தே வேல பாத்தா.”

நான் உண்மையைச் சொல்லத்தான் போனேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. வாசல் வரை, ஆமாம் அப்பா என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது கயல் முதல்முறையாக வாய் திறந்தாள்.

“அம்மா அப்படி என்ன வேலை சித்தி பாத்தாங்க? இந்த வீட்டுல யாருக்குமே தெரியல. கம்பெனி பேருதான் தெரியுது.”

அந்தக் கேள்விக்கு மழுப்ப முடியவில்லையடி. உட்கார்ந்தேன். டிராக்டர் தொழிற்சாலையில் தொடங்கினேன். உதிரிப்பாகக் கிடங்கு, உனக்குச் சொல்லிக் கொடுத்த அந்த வெளிநாட்டுப் பெரியவர், உனக்குச் சாப்பாடு இறங்காத அந்த நாள், வேலை இங்கிருந்து வேறிடம் போனது, மேடம் மேடம் என்று வந்த பிள்ளைகள், மறைக்க நினைத்து மறைக்காமல் விட்ட ஸ்டெப், கடற்கரைச் சாலை, எல்லாம் சொன்னேன். அப்பா தெருவில் நடக்க மாட்டார் என்று நீ சொன்னதை மட்டும் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் சொல்லிவிட்டேன்.

துடைத்துக்கொண்டிருந்த மாம்பழம் அப்பாவின் கையிலேயே இருந்தது. “அப்ப மாடியில என்ன பண்ணிக்கிட்டிருந்தா?” என்றார்.

“வேலை தேடிக்கிட்டிருந்தாப்பா.”

“டீ எடுத்துக்கிட்டுப் போவேன்” என்றார். “மீட்டிங்கு கெட்டுடக் கூடாதேன்னு மெதுவாத் தட்டுவேன். செருப்பக்கூடக் கீழயே விட்டுட்டுப் போவேன்.”

“மீட்டிங்னு சொல்லிட்டுக் கதவ மூடிக்குவாங்க, ஆனா உள்ள பேச்சுச் சத்தமே இருக்காது தாத்தா” என்றாள் கயல். “எனக்கு அப்பவே தெரியும். கேட்டா உங்களுக்குத் தெரிஞ்சுடுமேன்னு கேக்கல.”

உனக்குத் தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நீ காப்பாற்றுவதாக நினைத்த பிள்ளை, உன் ரகசியத்தை உனக்கே தெரியாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தது. பதினாறு, பதினேழு வயதில் ஒரு பெண் சுமக்க வேண்டிய பாரமா இது? அதோடு பாடம் படித்து, பரீட்சை எழுதி, உன் சாவையும் பார்த்திருக்கிறாள். என்ன டிபார்ட்மென்ட் என்று கேட்டால் அவள் எப்படி வாய் திறப்பாள்?

அப்பா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். “சரி, அவ சொன்னதும் வேணாம், ஊரு சொல்றதும் வேணாம். நீ சொல்லு. உனக்கு என்ன படிக்கணும்?” என்றார்.

அவள் மெக்கானிக்கல் என்று சொல்வாள், கொட்டகைத் தார்ப்பாயை நான் விலக்கிக் காட்டலாம் என்று எனக்குள் ஒரு ஆசை ஓடியது. மறைக்காமல் சொல்கிறேன்.

“கம்ப்யூட்டர்தான்” என்றாள். “எனக்குப் புடிச்சிருக்கு தாத்தா. ப்ரோக்ராம் எழுதினா நேரம் போறதே தெரியல. ஆனா அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் சொல்லாம, அத அம்மா பேரச் சொல்லிப் போட எனக்குப் பயமா இருந்துச்சு.”

“அந்த வேலயும் போயிடும்னா?” என்றார் அப்பா. கேட்டது அவளை, பார்த்தது என்னை. “போகலாம்ப்பா. நீங்க சொல்ற எந்த வேலயும் போகலாம்” என்றேன். எனக்கு அதற்கு மேல் தெரியாது.

கயல் தாத்தாவைப் பார்த்துச் சொன்னாள். “போச்சுன்னா நான் மாடிக்குப் போய்க் கதவ மூடிக்க மாட்டேன் தாத்தா. கீழ வந்து சொல்லுவேன்.”

“கீழ வந்து சொல்லு” என்றார் உன் அப்பா. “நான் தெருவுல நடப்பேன்.”

அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து மிச்சப் பழத்தைத் துடைத்தோம். கிளம்பும்போது உன் பையில் கொஞ்சம் பழம் போட்டு என் தோளில் மாட்டிவிட்டார். “ரெண்டு நாள்ல கொண்டாந்து கொடு, திருவிழாவுக்கு வேணும்” என்றார். இப்போது மேஜைமேல் எனக்கு எதிரே இருக்கிறது. பக்கத்தில் நாளைக்குக் கொண்டுபோக வேண்டிய நோட்டீஸ் கட்டு. பட்டினச்சேரி அம்மாவிடம் திரும்பப் போகப் போகிறேன். வேலை வருகிற கதையோடு போகிற கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, பையனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கப் போகிறேன். இப்படிப் பேசினால் ஒரு பிள்ளைகூடச் சேராது, அடுத்த வருடம் என் நாற்காலியும் இருக்காது. இருக்கட்டும். எதையும் மறைக்காமல் சொல்லிக் கொடுப்பது உன்னிடமிருந்து எனக்கு வந்தது. அதை விட முடியவில்லை.

ஆனால் உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. முன்பின் தெரியாத நாட்டுப் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொன்னவள், சொந்த அப்பாவிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லாமல் போய்விட்டாய். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு டீயோடு கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். நீ கதவைத் திறந்து கீழே வந்திருக்கலாம். உங்கள் வீட்டு மாடிப்படி அப்படியொன்றும் உயரமில்லையடி.